பேண்டஸி நாவல்களில் அருள்: தெய்வம் கேட்குமா, எடுத்துக்கொள்ளுமா?

முட்டம் கலங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கடற்கரைக்காரன், கத்தோலிக்கக் குடும்பம். பதினஞ்சு வருசமா பேண்டஸி நாவல் வாசிக்கிறேன். டிராகனும் மந்திரவாளும் பிடிக்கும்தான். ஆனா என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது ஒரே கேள்வி: கதைக்குள்ள தெய்வம் நிஜமாவே இருக்குன்னு வச்சுக்கிட்டா, அது செய்ய வேண்டியது எது, மனுசன் செய்ய வேண்டியது எது?

நான் வாசிச்சதுல இதை ரொம்ப நேர்மையா எடுத்துக்கிட்டவர் லோயிஸ் மெக்மாஸ்டர் பூஜோல்ட். 2001-ல வந்த 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' நாவல். (கதை முடிவைச் சொல்லப்போறேன். வாசிக்காதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிக்கோங்க.)

அந்த உலகத்துல அஞ்சு தெய்வங்கள். அவங்க அன்புக்கு அளவில்ல, ஆனா நேரடியா ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. ஒரு மனுசன் தன் மனசைத் திறந்து இடம் குடுத்தாத்தான் அந்த வழியா உலகத்துக்குள்ள வர முடியும். கதாநாயகன் கஸாரில் போர்வீரனா இருந்து, அடிமைக்கப்பல்ல துடுப்பு வலிச்சு, உடம்பு நொறுங்கி வந்தவன். அரச குடும்பத்து மேல ஒரு சாபம். அது நீங்கணும்னா ஒருத்தன் அந்தக் குடும்பத்துக்காக மூணு தடவை உயிரைக் குடுக்கணும். அவனுக்கு முன்னாடி ஒருத்தரை வச்சுத் திட்டம் போட்டு தண்ணியில முக்கிச் சாகடிச்சு எழுப்பிப் பார்க்கிறாங்க. மூணு தடவை முடியறதுக்குள்ள அது தோத்துப் போச்சு. கஸாரிலோ எதையும் கணக்குப் போட்டுச் செய்யல. கப்பல்ல ஒரு பையனுக்கு விழ வேண்டிய சாட்டையடியைத் தன் முதுகுல வாங்கினான். அதுதான் முதல் சாவுன்னு அவனுக்கே கடைசியிலதான் தெரியுது.

அதுல ஒரு இடத்துல ஒரு பேச்சு வரும். அதோட கருத்தை மட்டும் சொல்றேன்: தெய்வங்கள் இந்த ஒரு வேலைக்கு நூறு பேரை, ஆயிரம் பேரை வழியனுப்பியிருக்கலாம். வந்து சேர்ந்தவங்க, வரணும்னு தாங்களே முடிவு செஞ்சவங்க மட்டும்தான்.

இதை நான் முதல்ல வாசிச்சது 2018-ல. ஒக்கிப் புயல் அடிச்சு சில மாசந்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தையோட மகன் மேற்குக் கரை வள்ளத்துல வேலைக்குப் போனவன், திரும்பல. தப்பி வந்தவங்க வீடுகள்ல அந்தோணியார் காப்பாத்தினார்னு நவநாள் நடந்துச்சு. அத்தை எங்க திண்ணையில உக்காந்து, "அப்போ எம் மோனை மட்டும் எதுக்கு விட்டாரு?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் வாய் எழும்பல.

புத்தகத்துல அந்த இடத்தை வாசிச்சப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. கடவுள் அனுப்பாம இருந்திருக்க மாட்டாரு. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கை போய்ச் சேரல. போகவேண்டியவங்க போகல. போனவங்க யாருன்னா, எங்க ஆளுங்கதான். கடல் அடங்குறதுக்கு முன்னாடியே சொந்த வள்ளத்துல, சொந்தக் காசுல டீசல் அடிச்சுட்டுத் தேடப் போனாங்க.

என் கருத்து இதுதான்: கேட்காம எடுத்துக்கிறது அருள் இல்ல. நல்ல பேண்டஸி அதைத்தான் காட்டுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

---

மார்த்தாண்டம் தேனீ

கலங்கரை தம்பி, எழுதினது கொள்ளாம். ஆனா முடிவோட நான் ஒத்துக்க மாட்டேன். நான் சி.எஸ்.ஐ. சபையில வளந்தவன். எங்களுக்குக் கிருபைன்னா, மனுசன் சரின்னு சொல்றதுக்கும் முன்னாடியே வாறது. தோத்துக் கெடக்கிறவன்கிட்டயும் வாறதாக்கும்.

டோல்கீனோட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எடுத்துக்கோ. ஃப்ரோடோ ஒரு தீய மோதிரத்தை எரிமலையில போட்டு அழிக்கணும்னு, அதைச் சுமந்து அங்க வரைக்கும் போறான். கடைசி நிமிசத்துல என்ன செய்யுகான்? போட மாட்டேன், இது எனக்குன்னு சொல்லி விரல்ல மாட்டிக்கிடுகான். அந்த எடத்துல மனுசனோட 'சரி' எங்க இருக்கு? இல்ல. அந்த மோதிரத்துக்காகவே அலையுற கோலம்ங்கிறவன் வந்து விரலோட கடிச்சுப் பறிச்சு, எரிமலைக்குள்ள தவறி விழுகான். வேலை முடிஞ்சு போச்சு. ஃப்ரோடோ தோத்தவன்தான், ஆனாலும் உலகம் பிழைச்சுது.

அந்தக் கோலம் ஏன் உயிரோட இருந்தான்? பல வருசம் முந்தி ஃப்ரோடோவோட சொந்தக்காரன் பில்போ அவனைக் கொல்லாம விட்டான், பாவம்னு நினைச்சு. பெறகு ஃப்ரோடோவும் விட்டான். ரெண்டு பேருக்கும் அது எங்க போய் முடியும்னு தெரியாது.

எங்க அப்பா ரப்பர் வெட்டு. வெளுக்கதுக்கு முன்னாடி தலையில லைட்டு கட்டிட்டுப் போவாரு. லீவு நாள்ல நானும் கூடப் போவேன். மொதல்ல பழைய வெட்டுக்கோட்டுல காய்ஞ்சு ஒட்டியிருக்க ஒட்டுபாலை உரிச்சு எடுக்கணும். சிரட்டையில மழைத்தண்ணி கெடந்தா கவுத்திக் களையணும். அதுக்கப்புறம் கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு, பட்டை சீவல் நூல் மாதிரி வரணும். ஆழமாப் போச்சுன்னா மரத்துல காயம், அந்த எடம் முண்டு விழுந்துடும். மேலோட்டமாப் போனா பால் வராது. வெட்டி முடிச்சா ஒரு நொடி ஒண்ணும் இருக்காது. பெறகு வெள்ளையா ஒரு கோடு எழும்பி வரும். அப்பா அடுத்த மரத்துக்குப் போயிடுவாரு, நான் நிண்ணு பாத்துக்கிட்டே இருப்பேன். அந்தப் பாலை யாராலயும் இழுத்து எடுக்க முடியாது. அது மரம் தாறது.

எனக்குக் கிருபைன்னா அதாக்கும். நீ அனுமதியைப் பெரிசாப் பேசுக. நான் பாலைப் பாக்கேன்.

---

முட்டம் கலங்கரை

தேனீ அண்ணே, சிரட்டையைக் கவுத்துறதுன்னு சொன்னீங்களே, அதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். சாலியன்லயும் ஒரு புனிதர் ஒரு பாத்திரத்தை வச்சுக் கிட்டத்தட்ட இதையே சொல்றாரு. அங்க புனிதர்னா நல்லவர்னு அர்த்தம் இல்ல. தன்னைக் காலி பண்ணிக் குடுத்தவர்.

ஃப்ரோடோ விஷயத்துல நீங்க சொல்றது சரி. அதை நான் யோசிக்கல. ஆனா ஒண்ணு சேர்த்துக்கோங்க. டோல்கீன் அந்த மோதிரம் அழிஞ்ச நாளை மார்ச் 25-ன்னு வச்சாரு. அவர் கத்தோலிக்கர், தெரியாம வச்சிருக்க மாட்டார். எங்களுக்கு அது மங்களவார்த்தைத் திருநாள். கபிரியேல் வந்து மரியாளிடம் கேட்ட நாள். 'உமது வார்த்தைப்படி எனக்கு ஆகட்டும்'னு ஒரு நாசரேத்துப் பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் வானம் காத்துக்கிட்டு நின்ன நாள். எங்க பாட்டி பழைய ஜெபம்தான் சொல்லுவா, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே'ன்னு. இப்ப 'அருள் நிறைந்த மரியே'. சொல் மாறிப் போச்சு, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டது மாறல.

---

தோவாளை பிச்சி

மரியாளிடம் கேட்டார்கள், சரி. நம்ம குமரியிடம் யாராவது கேட்டார்களா?

இந்த மாவட்டத்துக்கே பெயர் கொடுத்தவள். பாணாசுரனைக் கன்னியால் மட்டுமே கொல்ல முடியும் என்று வரம் இருக்கிறது. அவளோ சுசீந்திரத்து ஈசனுக்காகத் தவம் இருந்து, கல்யாணம் நிச்சயமாகி, பந்திக்கு அரிசியும் பருப்பும் குவித்து வைத்துக் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை நடுராத்திரி புறப்பட்டு வருகிறார். நாரதர் வழுக்கம்பாறையில் சேவலாகக் கூவுகிறார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் போச்சு என்று ஈசன் திரும்பிவிடுகிறார். தேவர்களுக்குக் காரியம் ஆனது. அவளுக்கு? சமைக்காமல் போன அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்று சொல்லி, முக்கடல் கரையில் இன்றும் அந்தப் பலநிற மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

சின்ன வயசில் அம்மா எனக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தந்தாள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். வெள்ளைக் குறுமணல் நொய்யரிசி மாதிரியே இருந்தது. சிவப்பு, கறுப்பு மணிகளும் கலந்திருந்தன. அன்று எனக்குப் பக்தி வரவில்லை. அழுகைதான் வந்தது. இப்போதும் சன்னதியில் நிற்கும்போது மூக்குத்தியை எல்லாரும் பார்ப்பார்கள். நான் கையிலிருக்கும் ஜெபமாலையைப் பார்ப்பேன். அவள் இன்னும் தவத்தில்தான் இருக்கிறாள்.

பேண்டஸியில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' கதைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவு வரும். அதை நேருக்கு நேர் எழுதியவர் என்று நான் மதிப்பது உர்சுலா லெ க்வினை. 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்', 1971. டெனார் என்ற குழந்தையை, பழைய பூசாரிணியின் மறுபிறப்பு என்று சொல்லி வீட்டிலிருந்து எடுத்துப் போகிறார்கள். அவள் பெயரையே பறித்துவிட்டு, 'விழுங்கப்பட்டவள்' என்று பொருள்படும் ஒரு பெயரை வைக்கிறார்கள். பெயரில்லாத இருட்டுத் தெய்வங்களுக்கு அவள் சேவகம் செய்கிறாள்.

கலங்கரை தம்பி, உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அவள் பூசாரிணியாக இருந்தபோது மூன்று கைதிகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டவள். பிறகு தப்பித்து வெளியே வருகிறாள். கடலும் வெளிச்சமும் தெரிகிறது. ஆனால் அந்த மூன்று பேரை அவளால் உதற முடியவில்லை. தெய்வத்துக்காகத்தான் செய்தேன், சின்னப் பெண், எனக்கு என்ன தெரியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனாலும் பொறுப்பு அவளுடையதாகிறது. இந்த அநியாயத்தை மழுப்பாமல் எழுதினாரே, அதற்காகவே நான் அவரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

---

திற்பரப்பு ஓட்டம்

பிச்சி அக்கா எழுதினதுக்குப் பதில் சொல்ற அளவு நான் வாசிக்கல. நான் சிவாலய ஓட்டக்காரன், ஒன்பது வருசமா ஓடுறேன். திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல. காவித்துண்டு, கையில பனையோலை விசிறி. சிவன் கோயிலுக்கு 'கோவிந்தா, கோபாலா'ன்னு கூவிட்டு ஓடுவோம். வெளியூர்க்காரங்க ஏன்னு கேப்பாங்க. அதோட கதையே ஒரு முழு பேண்டஸிதான்.

புருஷாமிருகம்னு பாதி மனுசன், பாதி மிருகம். தீவிர சிவபக்தன், விஷ்ணு பேரைக் கேட்டாலே ஆகாது. தருமர் யாகத்துக்கு அதோட பால் வேணும்னு பீமனை அனுப்புறாங்க. கிருஷ்ணர் பன்னிரண்டு ருத்ராட்சம் குடுத்து விடுறாரு. பீமன் 'கோவிந்தா, கோபாலா'ன்னு சொல்ல, அது விரட்டுது. பிடிபடப் போறப்ப ஒரு ருத்ராட்சத்தைக் கீழ போட்டா அங்க ஒரு லிங்கம் முளைக்கும். அது நின்னு பூசை செஞ்சுட்டுத் திரும்ப விரட்டும். இப்படிப் பன்னிரண்டு எடம்.

கடைசி எடத்துல பீமனோட ஒரு கால் எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். பிடிச்சுக்கிட்டது. வழக்கு தருமர்கிட்ட வருது. அவர் சொந்தத் தம்பின்னு பாக்கல. எல்லைக்குள்ள கெடக்கிற பாதி உடம்பு புருஷாமிருகத்துக்குத்தான்னு தீர்ப்பு சொல்றாரு.

எனக்குத் தோணுறதைச் சொல்றேன். ருத்ராட்சம் அருள். ஆனா எண்ணித்தான் குடுத்தாங்க, பன்னிரண்டுதான். நடுவுல இருக்கிற தூரம் முழுக்க பீமனே ஓடணும். ருத்ராட்சம் தீந்த எடத்துல ஒரு மனுசன் நியாயம் சொல்ல வேண்டி வருது, அதுவும் தன் ரத்தத்துக்கு எதிரா. ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்னிப்பாகம் தாண்டி கால் வெடிச்சு ஓடுறப்ப எனக்கு இதுதான் ஓடும் மனசுல.

---

தக்கலை வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும். திற்பரப்பு தம்பி, அருமையா சொன்னீங்க. எங்ககிட்ட ஒரு ஹதீஸ் உண்டு. ஒருத்தர் நபிகளார்கிட்ட, ஒட்டகத்தைக் கட்டிட்டு அல்லாஹ் மேல பொறுப்பைச் சாட்டணுமா, அவிழ்த்து விட்டுட்டுச் சாட்டணுமான்னு கேட்டார். கட்டிட்டுச் சாட்டுன்னு பதில் வந்துச்சு. என் வாப்பா கடை ஷட்டரைப் பூட்டுறப்ப தினமும் இதைச் சொல்லிட்டுத்தான் சாவியை இழுத்துப் பார்ப்பார்.

நான் வேற ஒரு பக்கத்திலிருந்து பேசணும். பேண்டஸி மதத்தை ஆராயுதுன்னு சொல்றோம். யாரோட மதத்தை? சி.எஸ். லூயிஸ் எழுதின நார்னியா கதைகளை நான் பள்ளியில படிச்சேன். அதுல கலோர்மன்னு ஒரு நாடு. தலைப்பாகை, வளைஞ்ச வாள், பாலைவனம், கொடுமையான தெய்வம் தாஷ். படிக்கிற பையனுக்கு அது யார் சாயல்னு புரியாமலா இருக்கும்? புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

பல வருசம் கழிச்சு, கடைசிப் பாகம் 'தி லாஸ்ட் பேட்டில்' (1956) படிச்சேன். அதுல எமெத்னு ஒரு கலோர்மன் போர்வீரன். வாழ்நாள் முழுக்க தாஷை உண்மையா வணங்கினவன். கடைசியில நார்னியாவோட தெய்வமான சிங்கம் அஸ்லான் முன்னாடி நிற்கிறான், சாவுதான்னு நினைச்சு. நீ உண்மையோட செஞ்ச நல்லதெல்லாம் எனக்குச் செஞ்சதுதான்னு அஸ்லான் ஏத்துக்கிறாரு. தன் பேரைச் சொல்லிக் கொடுமை செஞ்சவன் வணங்கினது தாஷைத்தான்னும் சொல்றாரு. எமெத்ங்கிறது எபிரேயச் சொல், உண்மைன்னு அர்த்தம்.

சி.எஸ். லூயிஸ் எங்களை வரைஞ்ச விதம் எனக்கு இன்னும் வலிக்குது, அதை மறைக்க மாட்டேன். ஆனா அதே கைதான் இந்தக் கதவையும் திறந்து வச்சிருக்கு. எழுதுறவனோட மனத்தடையையும் தாண்டிக் கதைக்குள்ள எது வந்துச்சுன்னு யோசிக்கிறேன். எங்க ஊர்ல பீர் முகமது அப்பா தர்காவுல ஞானப்புகழ்ச்சி பாடுற ராத்திரி இருக்கே, தமிழ்லதான் பாடுவாங்க. ரஹ்மத்துன்னாலும் அருள்னாலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வரும்.

---

நாகர்கோவில் வாத்தியார்

சின்ன விஷயம் ஒன்று. கடல் நடுவே நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி என்று எல்லாருக்கும் தெரியும். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும். 38-ஆவது அதிகாரம் எது என்று எண்ணிப் பாருங்கள். ஊழ். அவர் பாதம் ஊன்றியிருக்கும் கல் வரிசை அதுதான். ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி, 62-ஆவது அதிகாரம், அது பாதத்துக்கு மேலே, உடம்புக்குள் வருகிறது. 'தெய்வத்தான் ஆகாதெனினும்' என்ற குறள் அதில்தான் இருக்கிறது. படகில் மாணவர்களை அழைத்துப் போகும்போது இதை எண்ணச் சொல்வேன்.

---

சாமிதோப்பு வழி

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு வேண்டுகோள்: நம்பிக்கையோடு ஓதப்படும் ஏடுகளையும் நாவல்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். அய்யாவழியினரான எங்களுக்கு எங்கள் புனித ஏடான அகிலத்திரட்டு புனைவு அல்ல. ஆனால் நாவல் வாசித்துவிட்டு நான் வழிபடும் இடத்தைப் புதிதாகப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு.

லெ க்வினின் முதல் எர்த்ஸீ நாவல், 1968. கெட் என்ற இளம் மந்திரவாதி ஆணவத்தால் ஒரு நிழலை அவிழ்த்து விடுகிறான். அது அவனைத் துரத்துகிறது, பிறகு அவன் அதைத் துரத்துகிறான். உலகின் விளிம்பில் நேருக்கு நேர் வந்தபோது அதைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்தப் பெயர் அவனுடைய சொந்தப் பெயர்.

பதியில், அதாவது எங்கள் வழிபாட்டுத் தலத்தில், பள்ளியறையில் நாங்கள் பார்ப்பது கண்ணாடி. தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, முன்னால் நின்றால் உங்கள் முகம்தான் தெரியும். மேல்துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட சனங்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார் அய்யா வைகுண்டர். அதற்கு முன்னும் பின்னும் அவர் பட்டது கொஞ்சமல்ல, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறையும் இருந்தார். 'தாழக்கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்' என்ற வரியை நான் சிறுவயதிலிருந்து சொல்லி வருகிறேன். கெட் கதையை வாசித்த பிறகு ஒருநாள் கண்ணாடி முன் நின்றபோது, தற்காக்க வேண்டியது யார் என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. அன்று வரை அந்த வரியை நான் தெய்வத்தின் வேலையாக மட்டுமே நினைத்திருந்தேன்.

---

தோவாளை பிச்சி

கலங்கரை தம்பி, ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. 'கடவுள் அனுப்பினார், மனுசர்தான் போய்ச் சேரவில்லை' என்பது கதைக்குள் அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். கடவுளைக் காப்பாற்ற நாம் பேசும் பேச்சாகத்தான் அது அவள் காதில் விழும்.

---

முட்டம் கலங்கரை

இல்லக்கா, சொல்லல. அன்னைக்கும் சொல்லல, பிறகும் சொல்லல.

உங்க பதிவையும் தேனீ அண்ணன் பதிவையும் வாசிச்சபிறகு, முதல் பதிவுல நான் எழுதின கடைசி வரியை மாத்திக்கிறேன். 'கேட்காம எடுத்துக்கிறது அருள் இல்ல'ன்னு அவ்வளவு உறுதியா சொல்லக்கூடாது. ஃப்ரோடோகிட்ட கேட்காமலே வந்துச்சு. குமரிகிட்ட கேட்காமலே எடுத்துக்கிட்டாங்க. ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டு அடைக்க எனக்கு வழி தெரியல. ஆனா பில்போ கோலத்தை விட்டதும், டெனார் அந்த மூணு பேரை மறக்காததும், தருமர் தம்பிக்கு எதிரா தீர்ப்புச் சொன்னதும் யார் செய்ய வேண்டியதுன்னு மட்டும் சந்தேகமில்ல. அது நம்ம பங்கு.

எங்க தாத்தா கட்டுமரக்காரர். கடலுக்குள்ள பாறை இருக்கிற மீன் மடையைக் கணியம் வச்சுத்தான் பிடிப்பாரு. கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னாடி மலை உச்சி வரணும், இன்னொரு பக்கம் தேரி மேல உள்ள பனைக்கூட்டம் கலங்கரை விளக்கத்தை மறைக்கணும். ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல தூண்டில் இறக்குவாரு. ஒரு கோட்டை மட்டும் பிடிச்சுட்டுப் போனா ராமுழுக்கப் போய்க்கிட்டே இருக்கலாம், மடை கிடைக்காதுன்னு சொல்வாரு. இந்த இழையை வாசிக்கிறப்ப தாத்தா நெனப்பு வந்துச்சு.

அத்தை திண்ணையில அப்படிக் கேட்ட அன்னைக்கு யாரும் பதில் சொல்லலன்னு எழுதினேன்ல. அம்மா எழும்பி உள்ள போய், ஒரு தூக்குவாளியில கஞ்சியும் பயறும் எடுத்துட்டு அவங்களைக் கைப்பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. ஈஸ்டர் வரைக்கும் தினமும் சாயங்காலம் அந்த வாளி போச்சு. அம்மா பேண்டஸி வாசிச்சதில்ல.

---

தோவாளை பிச்சி

அந்த அத்தை இப்போது எப்படி இருக்கிறார்கள்?

---

முட்டம் கலங்கரை

கருவாடு காய வச்சு விக்கிறாங்கக்கா. கோயிலுக்கு ரெண்டு வருசம் வரல, இப்ப வாறாங்க, கடைசி வரிசையில இருப்பாங்க. கொண்டல் காத்து கொஞ்சம் முறுகினா, வள்ளம் கரை சேர நேரமானா, முதல்ல துறையில வந்து நிக்கிறது அவங்கதான். யார் வள்ளம் எந்தத் திசையில போச்சு, எத்தனை பேர் ஏறினாங்க, எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. வயர்லெஸ் வச்சிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டி, "எல்லா வள்ளத்தையும் கூப்பிட்டியா?"ன்னு கேட்டு, ஒவ்வொரு பேரா பதில் வாற வரைக்கும் அங்கேயே நிப்பாங்க. போன வாரமும் நின்னாங்க.